“தையல் சரியில்லை” என்றால் என்ன அர்த்தம்?

பனியன் கம்பெனியில் தையல் குறையை டைலரிடம் எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்டுக்கொள்வது என்று நான்கு பேர் சொல்கிறார்கள்.

செக்கிங் இன்சார்ஜ், திருப்பூர்:
“ஒழுங்காத் தைப்பா” என்பது திட்டு. அதைக் கேட்ட டைலருக்கு அடுத்த பீஸில் எதை மாற்றுவது என்று தெரியாது. எந்த இடம், என்ன குறை, எத்தனை பீஸில், எவ்வளவு அளவு: இந்த நாலும் அவர் காதில் விழணும். “இடது கை மடிப்பு 2 செ.மீ. வரணும்ங்க, இந்த 7 பீஸ்ல மூணு 1.6-ல நிக்குது.” இவ்வளவு போதும். டேப் இல்லாமல் மெஷின் பக்கம் போகவே கூடாது.

ரவுண்டு போகும்போது தைத்து முடித்த கட்டில் மேலே இருப்பதை மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவோம். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சேர்த்து 7 பீஸ். குறை இல்லையென்றால் பச்சைக் கார்டு, ஒன்று என்றால் மஞ்சள், இரண்டோ அதற்கு மேலோ போனால் சிவப்பு. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு கொஞ்சம் மாறும். சிவப்பு விழுந்தால் மெஷினை நிறுத்தி அந்தக் கட்டு முழுவதையும் பார்க்கணும். கார்டு மெஷினுக்கு மேலே தொங்குவதால் லைன் (மெஷின் வரிசை) முழுக்கத் தெரியும். அதனால் முதலில் பீஸைக் காட்டிப் பேசிவிட்டு அப்புறம் கார்டை மாற்றுங்கள். தலைக்கு மேல் சிவப்பைப் பார்த்துவிட்ட ஆளிடம் அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் ஏறாது.

மெஷின் மெக்கானிக்:
தையல் விட்டுப்போவதற்கு டைலரைப் பிடிக்கும் முன் ஊசியைப் பாருங்கள். வளைந்திருக்கிறதா, முழுசாக மேலே ஏறியிருக்கிறதா, திரும்பி நிற்கிறதா? அடுத்து நூல் கோத்த வழி. கடைசியாகத்தான் லூப்பர் டைமிங், அதாவது கீழ் நூலைக் கோக்கிற கொக்கி ஊசியோடு சேரும் நேரம். சிங்கிள் ஜெர்சிக்கு (டி-ஷர்ட்டுக்கு வரும் மெல்லிய பின்னல் துணி) 9 அல்லது 11-ம் நம்பர் உருண்டை முனை ஊசிதான் சரி. முனை அடிபட்டிருந்தால் துணியின் இழை அறுந்து ஓட்டை விழும். தைத்த உடனே அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஒரு துவைப்புக்குப் பிறகு வாய் பிளக்கும். தையலின் இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

குறை ஆளிடமா மெஷினிடமா என்று சண்டை வந்தால், அதே மெஷினில் வேறொருவரை 5 பீஸ் தைக்கச் சொல்லுங்கள். அப்போதும் தையல் விட்டால் மெஷினை என்னிடம் விடுங்கள்.

ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) டைலர்:
கேட்கிற பக்கத்தையும் சொல்ல வேண்டும். பீஸ் ரேட்டில் (பீஸ் கணக்கில் கூலி) பல இடங்களில் ஆல்டர் பீஸை, அதாவது குறையால் திரும்பி வந்ததைப் பிரித்துத் தைக்கத் தனிக் கூலி கிடையாது. நாலு நூல் ஓவர்லாக்கைப் பிரிக்கிற நேரத்துக்குள் இரண்டு மூன்று பீஸ் புதிதாகத் தைத்துவிடலாம். “குறை” என்றதும் டைலர் முகம் மாறுவது திமிரால் இல்லை, கணக்கு அது.

ஆனாலும் வாய்ச்சண்டையால் பலன் இல்லை. பீஸைக் காட்டச் சொல்லுங்கள், அப்ரூவல் சாம்பிளை (ஒப்புதல் ஆன மாதிரி பீஸ்) பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். முன்துண்டும் பின்துண்டும் கட்டிங்கிலேயே 5 மி.மீ. வித்தியாசத்தில் வந்தால், இழுத்துப் பிடித்துச் சமன் செய்யாதீர்கள், பக்கத் தையல் முறுக்கிக்கொள்ளும். நம்பர் ஸ்டிக்கர் மாறி வந்த துண்டுகளைச் சேர்த்தால் ஷேடு (நிற வித்தியாசம்) தனியாகத் தெரியும். இரண்டையும் தைப்பதற்கு முன்பே லைனில் காட்டிவிடணும். கட்டு முழுக்கத் தைத்துவிட்டு “கட்டிங் தப்பு” என்றால் யார் நம்புவார்கள்?

லைன் சூப்பர்வைசர்:
ஒடிசா, பீகார் ஆட்கள் உள்ள லைனில் பேச்சை விட அம்பு ஸ்டிக்கர் நன்றாக வேலை செய்யும். குறையின் மேல் ஒட்டி, பக்கத்தில் நல்ல பீஸ் ஒன்றை வையுங்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நகர்ந்துவிடக் கூடாது, கண்முன்னே ஒரு பீஸ் தைக்கச் சொல்லணும். ஸ்டிக்கரை அயர்னுக்கு முன் எடுக்க மறந்தால் பசை துணியில் இறங்கும், அது தனி ஆல்டர்.

நம் ஆட்களிடம் “ங்க” போட்டுப் பேசுவதில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. 20 வருஷம் பேட்லாக் (மடிப்பு தைக்கும் மெஷின்) ஓட்டுகிற அக்காவை, நேற்று வேலைக்கு வந்த செக்கர் “வா, போ” என்றால் சொன்ன விஷயம் சரியாக இருந்தும் வீண்.

இன்னொன்று. செக்கர் “மெதுவா தைங்க” என்பார், அரை மணியில் சூப்பர்வைசர் வந்து “டார்கெட் எங்கே?” என்பார். இரண்டையும் கேட்பது ஒரே ஆள். டைலரிடம் போவதற்கு முன்பே நாங்கள் இருவரும் பேசி, அந்த ஒரு மணி நேரத்துக்கு எது முதலில் என்று ஒரே பேச்சாகச் சொல்லணும். ஸ்டைல் மாறும்போது முதல் 5 பீஸிலேயே சொல்லிவிட்டால் இந்தத் தகராறு பாதி குறையும். ஷிப்ட் முடிந்து டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தவரிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

செக்கிங் இன்சார்ஜ்:
டார்கெட் பேச்சுக்கு என் பதில். 1,000 பீஸ் லாட்டுக்கு ஏக்யூஎல் (ஏற்கக்கூடிய குறையின் அளவு) 2.5 என்றால், வழக்கமான சோதனை லெவலில் பையர் (துணி வாங்குபவர்) பக்கம் 80 பீஸ் எடுப்பார்கள். மேஜர் (பெரிய) குறை 5 வரை பாஸ், ஆறாவது வந்தால் ஃபெயில். அதற்குப் பிறகு அட்டைப்பெட்டி பிரித்து, பாலிபேக் கழற்றி, ஆயிரத்தையும் பார்க்க வேண்டும். லைனில் 7 பீஸுக்கு ஐந்து நிமிஷம் மெஷின் நிற்பது எவ்வளவோ மேல்.

சொல்லிவிட்டு வந்தபின் அரை மணி கழித்து அதே மெஷினுக்குத் திரும்பிப் போங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். புதிதாகத் தைத்ததில் 7 எடுத்து அளந்து, “இப்ப சரியா வருதுங்க” என்று சொல்லி, உங்கள் கையாலேயே பச்சையை மாட்டுங்கள். மறந்தால் சரியாகத் தைக்கிற டைலரின் தலைக்கு மேல் மதியம் வரை சிவப்பு ஆடிக்கொண்டிருக்கும்.