வடமராட்சி கிழக்கில் மணல் திட்டியைத் திரும்ப எழுப்ப: சவுக்கா, அடம்பனா?

குடத்தனையான்:
யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில், மணல்காட்டுப் பக்கம் கரையோரத் திட்டிகள் வருடா வருடம் தாழ்ந்துகொண்டு வருகின்றன. அதற்கு மருந்தாகக் கடல் விளிம்பு வரைக்கும் சவுக்கு நடலாம் என்று எங்கள் ஊர்ச் சங்கத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பின்னுக்கு உள்ள சவுக்கங்காடு இருக்கட்டும், ஆனால் கடலைப் பார்த்து நிற்கிற முதல் திட்டி அடம்பன் கொடிக்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் உரிய இடம். இராவணன் மீசையை மணல் மூட மூட அது மேலே வளர்ந்து வரும், திட்டியும் அதோடு சேர்ந்து உயரும். சவுக்கு அப்படி இல்லை. அதற்குக் கீழே குனிந்து பாருங்கள், சருகு மெத்தை போலக் கிடக்கும், வேறொன்றும் முளைக்காது. கடல் அரிக்கிற வருடத்தில் வேர் வெளியே தெரியும், மரம் சாயும், சாயும்போது வேரோடு மணலையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஆமை முட்டையிட ஏறுகிற கரையில் அந்த வேரும் விழுந்த மரமும் பெரிய மறிப்பு.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, மணல் வீட்டுக்குள் வந்த காலத்தைப் பார்த்தவர்கள் இப்படிக் கதைக்கமாட்டார்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கிற பழைய அந்தோனியார் கோயிலை ஒருக்கால் போய்ப் பாருங்கள். சுவர்தான் தெரியும், மிச்சமெல்லாம் மணல். அப்படி ஊர்கிற மணலை நிறுத்துவதற்குத்தான் சவுக்கை வைத்தார்கள். ஒன்றுமில்லாத வெறும் மணலில், உப்புக் காற்றில், தானே நைதரசனையும் எடுத்துக்கொண்டு வளர்கிற மரம் வேறு எது? ஏழைக் குடும்பங்களுக்கு விறகு, வெயிலில் வருகிறவனுக்கு நிழல். காரைநகரில் ஒரு கடற்கரைக்கே சவுக்கின் ஆங்கிலப் பெயரான கசூரினா என்று பெயர். கொடியை நம்பி ஊரை விட முடியாது.

குடத்தனையான்:
வாத்தியார், நீங்கள் சொல்வது பின்னுக்குள்ள மணலுக்குச் சரி, அதில் நான் மறுக்கவில்லை. நான் கேட்பது முன்வரிசை. அங்கே மணல் வரவும் வேண்டும், தங்கவும் வேண்டும். 2004 இல் தென்கிழக்குக் கரையில், யாலவில் நடந்ததைப் பாருங்கள்: கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு விடுதிக்கு முன்னால் இருந்த திட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள், ஆழிப்பேரலை அந்த விடுதியை அடியோடு துடைத்துவிட்டது.

வலைப்பாடு:
மணல்காட்டிலும்தான் திட்டி இருந்தது. அங்கே போன உயிர்களுக்கு என்ன சொல்வீர்கள்? திட்டி இருந்தால் ஒன்றும் நடக்காது என்ற மாதிரி எழுதாதீர்கள் அண்ணை, வலிக்கிறது.

இன்னொன்று. நீங்கள் இரண்டு பேரும் மரம், கொடி என்று நிற்கிறீர்கள், கரையில் தொழில் செய்கிறவனை ஒருவரும் கேட்கவில்லை. கடலில் வளைத்துப் போட்ட கரைவலையைக் கரையில் நின்று இழுக்க வெளி வேண்டும். வேலி அடைத்து "உள்ளே வராதே" என்று பலகை நட்டால் எங்கள் பாடு எங்கே போவது? இரவில் டிப்பர் லொறியில் மணல் போகிறது, அதை மறிக்க ஆளில்லை. எங்களுக்கு மட்டும் சட்டம் சொல்ல வருவார்கள். 1981 ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அந்த 300 மீற்றர் டிப்பருக்குக் கிடையாதா?

குடத்தனையான்:
உயிர்களைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அவ்வளவு பெரிய அலையை எந்தத் திட்டியும் முழுதாக மறிக்காது. ஆனால் கடல் முதலில் நுழைவது திட்டியில் உள்ள உடைப்புகளால்தான், அந்த உடைப்புகள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். கரைவலை இழுக்கிற உழவு இயந்திரம் அடம்பனுக்கு மேலால் ஏறி இறங்குகிறது. கொடி இரண்டு சில்லுத் தடத்திலும் நசிந்து கறுத்துப்போகும், அந்தத் தடத்தில் காற்று பிடித்து மணலைத் தோண்டும், இரண்டு கோடைக்குள் அது ஆள் நிற்கக்கூடிய பள்ளம். தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பாட்டுக்கு, அதாவது கரைவலை இழுக்கிற ஓர் இடத்துக்கு, ஒரு பாதை, நேரே கடலைப் பார்க்காமல் சரிவாக வளைத்து விட்டால் போதும்.

வேலி என்றால் முட்கம்பி இல்லை. பனைமட்டையை இடைவெளி விட்டு நடுகிற வேலி. கிடுகு மாதிரி இறுக்கி அடைத்தால் காற்று சுழன்று அடிமணலைத் தோண்டிவிடும். ஏறத்தாழப் பாதிக் காற்று உள்ளே போனால்தான் வேகம் குறைந்து மணல் விழும். இடுப்பளவு உயரம் காணும், மணலில் மூடுண்டால் அதற்கு மேல் இன்னொன்று. அடம்பனுக்குக் காசே வேண்டாம்: தடித்த தண்டை வெட்டி, இரண்டு மூன்று கணுவை மணலுக்குள் புதைத்து, நுனியை வெளியே விட்டால் மாரி மழையில் ஒவ்வொரு கணுவிலும் வேர் வரும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
கோடையில்?

குடத்தனையான்:
ஐப்பசியில் நட்டால் கோடைக்கு முன் வேர் ஆழத்துக்குப் போய்விடும். பட்டுப்போனதை அடுத்த மாரியில் திரும்ப நட வேண்டும், ஒரு முறையில் முடிகிற வேலை இல்லை. அப்புறம் கிணற்றை மறக்காதீர்கள். திட்டியில் விழுகிற மழை கீழே இறங்கி உப்புநீருக்கு மேல் நன்னீராக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அந்த நன்னீர் 1 மீற்றர் நின்றால் கீழே கிட்டத்தட்ட 40 மீற்றர் வரை உவரைத் தள்ளி வைக்கும் என்பது பொதுக் கணக்கு. திட்டி தாழ்ந்தால் அந்தக் கணக்கு நமக்கு எதிராகவே திரும்பும். டிப்பரில் போவது மணல் மட்டும் இல்லை, நாங்கள் குடிக்கிற தண்ணீரும்தான்.

வலைப்பாடு:
இதைச் சங்கத்தில் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மாரியில் நாங்கள் கரைவலை இழுப்பதில்லை, கடல் விடாது. அந்த மாதங்களில் நடுவதற்கு எங்கள் ஆக்களும் வருவார்கள். பாதையை எங்கே விடுவது என்று நாங்கள்தான் காட்டுவோம், அறைக்குள் இருந்து வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டு வர வேண்டாம். சங்கம் எழுதுகிற கடிதத்தில் டிப்பரை மறிக்கிற தீர்மானம் முதல் இலக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத கடிதத்தில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் கையெழுத்து வைக்கமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
டிப்பர் விஷயத்தில் நானும் கையெழுத்து வைக்கிறேன். சவுக்கில் ஒரு மரத்தையும் வெட்ட விடமாட்டேன், அதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.