சுரங்க முதலாளி ஆளுநரானார்: ஜேம்ஸ் டன்ஸ்மியூர் ஆசியர்களுக்காக நின்றவரா?

கோட்டையூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மகள் கனடாவில் விக்டோரியா பக்கம் ராயல் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அந்த வளாகத்துக்குள் ஹேட்லி கோட்டை என்று ஒரு கல் மாளிகை. 1908ல் அதைக் கட்டியவர் ஜேம்ஸ் டன்ஸ்மியூர். நிலக்கரி முதலாளி, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முதல்வராக 1900 முதல் 1902 வரை இருந்தார், 1906 முதல் 1909 வரை அரசரின் பிரதிநிதியாகத் துணைநிலை ஆளுநர். ஆசியர்கள் குடியேறுவதைத் தடுக்க வந்த 1907 மசோதாவுக்கு அவர் ஒப்புதல் தரவில்லையாம். நம்ம பக்கம் நின்ற வெள்ளைக்காரர் என்று சங்கக் கூட்டத்தில் பேசலாமா?

புதுவயல் தம்பி:
தாராளமாப் பேசுங்கண்ணே. அந்தக் கோபத்துல 1907 செப்டம்பர்ல வான்கூவர்ல அவரோட கொடும்பாவியையே கொளுத்தினாங்க.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி சொன்னது நடந்ததுதான். அதே இரவில் அந்தக் கூட்டம் சீனர் தெருவிலும் ஜப்பானியர் தெருவிலும் புகுந்து கடைகளை உடைத்ததையும் சேர்த்துச் சொல்லணும். டன்ஸ்மியூர் எதில் கையெழுத்துப் போட்டார், எதில் போடாமல் விட்டார் என்றும் பார்க்கணும்.

கோட்டையூர்த் தம்பி, மசோதாவை ஒப்புதல் தராமல் ஒட்டாவாவின், அதாவது கனடா மத்திய அரசின், முடிவுக்கு நிறுத்தி வைத்தார் டன்ஸ்மியூர். பிரிட்டனுக்கு ஜப்பானோடு உடன்படிக்கை இருந்த காலம். இந்த மாதிரிச் சட்டங்களை ஒட்டாவா முன்னமே ரத்து செய்திருக்கிறது. ஆக, அது துணிச்சலான காரியம் இல்லை. அவர் சுரங்கங்களில் சீனர்கள் வெள்ளையரைவிட ரொம்பக் குறைந்த கூலிக்கு வேலை பார்த்தார்கள். ஜப்பானிய ஆட்களை வரவழைக்க அவர் கம்பெனி ஒப்பந்தம் போட்டிருந்ததும் அந்த வருஷமே வெளியே வந்தது. வாசலை மூடினால் நஷ்டம் யாருக்கு?

இன்னொன்று நீங்கள் அவசியம் பேசணும். இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பிரிட்டிஷ் கொலம்பியா பறித்ததும் 1907ல்தான், இவர் ஆளுநராக இருக்கும்போதே. அது திரும்பக் கிடைக்க 1947 ஆயிற்று. ஆள் வரலாம், உழைக்கலாம், ஓட்டு மட்டும் கூடாது. எனக்கு இதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் நடந்ததை வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்தேன். தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்ய, கம்பெனிகள் பர்மியர்களை எடுத்தன. சமரசம் ஆனதும் பர்மியர்களை அனுப்பிவிட்டன. கலவரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூலிகள். கம்பெனித் துரைமாருக்கு ஒரு கீறல் விழுந்ததாக யாரும் சொல்லவில்லை. வான்கூவரைப் படிக்கும்போது அதுதான் நினைவுக்கு வந்தது.

கோட்டையூர்க்காரன்:
நன்றி ஆச்சி. அப்படியானால் அவர் காசு எல்லாம் இந்தக் கூலியில் மிச்சம் பிடித்ததுதானா?

தேவகோட்டை ஆச்சி:
எல்லாம் என்று சொல்ல மாட்டேன். அப்பா ராபர்ட் டன்ஸ்மியூர் விட்டுப்போன சொத்து இருந்தது: சுரங்கம், வான்கூவர் தீவில் ரயில் பாதை, அதைப் போட்டதற்கு அரசு கொடுத்த ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர் நிலம். தாயாரோடு சொத்து வழக்கும் நடந்தது; அந்தக் கதை நமக்குப் புதுசில்லை, விட்டுவிடுவோம். ரயிலை 1905ல் கனடியன் பசிபிக் ரயில் கம்பெனிக்கு விற்றார், சுரங்கங்களை 1910ல்.

விற்பதற்கு முந்தின வருஷம், 1909 அக்டோபரில், எக்ஸ்டென்ஷன் சுரங்கத்தில் வெடித்து 32 பேர் செத்தார்கள். அப்போது சுரங்கமும் அவருடையது, ஆளுநர் பதவியிலும் அவரே. கூட்டத்தில் மாளிகைப் படத்தைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள் தம்பி. மகளுக்கு நேரம் கிடைத்தால் லேடிஸ்மித்துக்குப் போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷனில் வேலை செய்கிறவர்கள் அங்கேதான் குடியிருக்கணும் என்று டன்ஸ்மியூர் கட்டாயப்படுத்தி உண்டாக்கிய ஊர் அது. சிலர் இருந்த வீட்டையே பெயர்த்து ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.