மறு: பணப்பிணைக்கு மாற்று வழிகள் – ‘இடர் மதிப்பீடு’ என்ற சொல் பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். பணம் கட்டினால்தான் வெளியே விடுவது என்ற பணப்பிணை முறைக்கு மாற்றாக, கைதானவர் குறித்த நாளில் நீதிமன்றத்துக்கு வருவாரா, மீண்டும் கைதாவாரா என்று கணக்கிட்டு வெளியே விடும் முறை அமெரிக்காவில் சில இடங்களில் வந்திருக்கிறது. அதற்கான தமிழ்ச் சொற்களைத் தேடும் நம் இழையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘இடர் மதிப்பீடு’ வங்கியிலும் காப்பீட்டிலும் பேரிடர் மேலாண்மையிலும் நிலைபெற்றுவிட்ட சொல். பிணை பற்றிய கட்டுரைகளிலும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காப்பீட்டில் இடர் என்பது வீட்டுக்கு வரக்கூடிய தீ. பேரிடர் மேலாண்மையில் ஊருக்கு வரக்கூடிய வெள்ளம். நீதிமன்றத்தில் அதே சொல்லைப் போட்டால் கூண்டில் நிற்பவரே இடராகிவிடுகிறார். அவர் மீது சொல்லப்பட்ட குற்றமோ இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ‘உயர் இடர்’ என்று எழுதிய தாள் நீதிபதியின் மேசைக்குப் போன பிறகு, அது அவரைப் போன்ற பலரின் பழைய பதிவுகளிலிருந்து வந்த கணக்கு, அவரைப் பற்றிய முடிவு அல்ல என்பது யாருக்கு நினைவிருக்கும்?

பெயர் வைப்பதற்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். நியூ ஜெர்சியை எடுத்துக்கொள்கிறேன். பணப்பிணையிலிருந்து இந்த மாற்றம் முழுமையாக நடந்த அமெரிக்க மாநிலங்களில் அது ஒன்று. அங்கே மாவட்டச் சிறைகளில் இருந்தவர்களில் 12 விழுக்காட்டினர் 2,500 டாலரோ அதற்கும் குறைவான தொகையோ கட்ட முடியாததால்தான் உள்ளே கிடந்தார்கள் என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. 2014 நவம்பரில் வாக்காளர்கள் மாநில அரசமைப்பைத் திருத்த ஒப்புக்கொண்டார்கள். 2017 ஜனவரி 1 முதல் புதிய முறை நடப்புக்கு வந்தது. கைதாகிச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டவரை 48 மணி நேரத்துக்குள் கணித்து, எந்த நிபந்தனையில் வெளியே விடலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டும். பணப்பிணை சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. நடைமுறையில் அநேகமாக இல்லை.

அந்தக் கணிப்புக்கு அர்னால்டு அறக்கட்டளை என்ற அமெரிக்க அமைப்பு உருவாக்கிய, மதிப்பெண் கணக்கிடும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒன்பது செய்திகளைப் பார்க்கிறது: வயது, இப்போதைய குற்றச்சாட்டில் வன்முறை உண்டா, நிலுவையில் வேறு வழக்கு உண்டா, முந்தைய தண்டனைகள், முன்பு நீதிமன்றத்துக்கு வராமல் போனதுண்டா என்பன போன்றவை. எல்லாமே பதிவேடுகளிலிருந்து எடுக்கப்படுபவை. ஆளிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. இனமோ வேலையோ முகவரியோ கணக்கில் வருவதில்லை.

நம் விவாதத்துக்கு முக்கியமான இடம் இனிமேல்தான். அந்தக் கருவி ஒரு மதிப்பெண்ணைத் தருவதில்லை. ஒன்று முதல் ஆறு வரையிலான இரண்டு மதிப்பெண்களைத் தனித்தனியாகத் தருகிறது. நீதிமன்றத்துக்கு வராமல் போகும் வாய்ப்பு ஒன்று. வெளியே இருக்கும்போது மீண்டும் கைதாகும் வாய்ப்பு மற்றொன்று. இவை போக, வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாகலாம் என்று எச்சரிக்கும் குறி ஒன்றும் உண்டு. கருவியைச் செய்தவர்களே இரண்டாகப் பிரித்து வைத்ததை நாம் ஏன் ‘இடர்’ என்ற ஒரே சாக்கில் கட்ட வேண்டும்? வாய்தாவை மறந்தவரும் கத்தியை எடுக்கக்கூடியவரும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள்.

முதல் மதிப்பெண்ணுக்கு வேண்டிய வேறுபாடு தமிழில் முன்பே இருக்கிறது. ஓடி ஒளிவதற்குத் ‘தலைமறைவு’ என்கிறோம். குறித்த நாளில் நீதிமன்றத்துக்கு வராததை ‘வாய்தாவுக்கு வரவில்லை’ என்கிறோம். இரண்டும் ஒன்றென்று எந்த நீதிமன்ற வாசலிலும் யாரும் நினைப்பதில்லை. கருவி அளப்பது பின்னதைத்தான். நியூயார்க் நகரில் சிறு குற்றங்களுக்கான அழைப்பாணைப் படிவத்தைத் தெளிவாகத் திருத்தியபோது வராமை 13 விழுக்காடு குறைந்தது. குறுஞ்செய்தியில் நினைவூட்டியபோது 21 விழுக்காடு குறைந்தது. 2020இல் வெளியான ஆய்வு இது. நினைவூட்டினால் வந்துவிடுகிறவரைத் தலைமறைவாகிறவர் என்று எப்படிச் சொல்வது? ஆகவே ‘வராமைக் கணிப்பு’ என்று முன்மொழிகிறேன். ‘ஆஜராகாமை’ பற்றியும் யோசித்தேன். பொருள் சரி, நாக்குக்குத்தான் கடினம்.

இரண்டாவதற்கு இழையில் வந்த ‘மறுகுற்றக் கணிப்பு’ என்பதை வலுவாக மறுக்கிறேன். ‘மறு’ என்று சொன்ன உடனே முதல் குற்றத்தை அவர் செய்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிறது. வழக்கே அதைப் பற்றித்தான். இன்னொரு கோளாறும் உண்டு: கருவி எண்ணுவது குற்றங்களை அல்ல, கைதுகளை. அதைப் பராமரிப்பவர்களும் ‘புதிய குற்றச் செயல்’ என்று பொருள்படும் பழைய பெயரை விட்டு, ‘புதிய கைது’ என்று பொருள்படும் பெயருக்கு மாறியிருக்கிறார்கள். ‘புதுக்கைதுக் கணிப்பு’ என்றே சொல்வோம். நியூ ஜெர்சியில் தீர்ப்புக்கு முன் சிறையில் இருப்போர் எண்ணிக்கை 2015 இறுதிக்கும் 2018 இறுதிக்கும் இடையில் சுமார் 44 விழுக்காடு குறைந்தது. பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் சிறையில் இருந்தவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 2012இலும் 54 விழுக்காடு, 2018இலும் 54 விழுக்காடு. எந்தத் தெருவில் காவலர்கள் அதிகம் நிற்கிறார்களோ அந்தத் தெருவில் கைது அதிகம். பதிவேட்டில் ஏறுவதும் அதுதான். ‘குற்றம்’ என்று மொழிபெயர்த்தால் வாசகருக்கு இது கண்ணில் படாமலே போய்விடும்.

‘மதிப்பீடு’ வேண்டாம், ‘கணிப்பு’ வேண்டும் என்பதற்கும் விளக்கம் தருகிறேன். கணிப்பு என்றால் சோதிட வாடை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கருத்துக்கணிப்பு என்ற சொல் வந்த பிறகு அந்த வாடை பெரும்பாலும் போய்விட்டது. கணிப்பு பொய்க்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். மதிப்பீடு என்றாலோ ஏற்கெனவே உள்ள ஒன்றை அளந்துவிட்டதாக ஒலிக்கிறது. நாளை நடக்கப்போவதை யாரும் அளக்க முடியாது.

இந்தக் கணிப்புக்கு முன்னால் சேர்க்கும் ‘விசாரணைக்கு முந்தைய’ (pretrial) என்ற அடைமொழியும் உறுத்துகிறது. நம் நாளிதழ்களில் விசாரணை என்றால் காவல்துறை செய்வதும் அதுதான், நீதிமன்றம் செய்வதும் அதுதான். இலங்கை நண்பர் நினைவூட்டிய ‘விளக்கமறியல்’ (வழக்கு முடியும் முன் காவலில் வைப்பது) அருமையான சொல். அங்கே சட்ட வழக்கில் விளக்கம் என்பது நீதிமன்ற விசாரணையைக் குறிக்கும். தமிழ்நாட்டு வாசகருக்கு அது எட்டாது என்பதால் ‘வழக்குக்கால’ என்று வைக்கலாம். மொத்தத்துக்கும் ‘வழக்குக்காலக் கணிப்பு’. அதைச் செய்யும் நீதிமன்றப் பிரிவு ‘வழக்குக்காலச் சேவைப் பிரிவு’. இலங்கையில் வழங்கும் ‘ரொக்கப் பிணை’யையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடுவோம். பணப்பிணை அதைவிட விரிந்தது: திரும்பி வராத கட்டணமாகப் பொதுவாகப் பத்து விழுக்காடு வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் அமெரிக்க வணிகர்களும் அதற்குள் வருவார்கள்.

அடுத்தது, மேற்பார்வையுடன் வெளியே விடுவது. இங்கே ‘விடுதலை’யும் ‘விடுவிப்பு’ம் கைகொடுக்கவில்லை. முன்னது குற்றமற்றவர் என்று தீர்ப்பாவதையும் பின்னது வழக்கிலிருந்தே நீக்கப்படுவதையும் குறிக்கின்றன. ‘கண்காணிப்புப் பிணை’ என்றால், யாரும் பிணை நிற்காத ஏற்பாட்டுக்குப் பிணை என்று பெயர் வைத்ததாகும். நியூயார்க்கில் 2016 முதல் நகரெங்கும் நடக்கும் திட்டத்தில் சமூகப் பணியாளர்கள் வெளியே விடப்பட்டவரைச் சந்திக்கிறார்கள், வாய்தாவை நினைவூட்டுகிறார்கள், வேலைக்கோ சிகிச்சைக்கோ வழி காட்டுகிறார்கள். மக்கள் பேச்சில் ‘வெளியே இருக்கிறார்’ என்பதுதான் உண்டு. அதையே பெயராக்கினால் ‘மேற்பார்வையில் வெளியிருப்பு’. கணுக்காலில் கருவி பூட்டி வீட்டோடு இருத்துவதற்கு மட்டும் ‘கண்காணிப்பு’ இருக்கட்டும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் இதே ஆங்கிலப் பெயரில் (supervised release), சிறைத் தண்டனை முடிந்த பிறகு வரும் மேற்பார்வையும் இருக்கிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது அது. அதற்குத் ‘தண்டனைக்குப் பின் மேற்பார்வை’ என்று தனியே எழுதாவிட்டால் மொழிபெயர்ப்பாளர்கள் குழம்பிப்போவார்கள்.

இதெல்லாம் அமெரிக்கச் சங்கதி, நமக்கெதற்கு என்று கேட்டவருக்கு ஒரு பதில். 1978இல் மோதி ராம் வழக்கில் ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அந்தப் பிணையை ஏற்கவில்லை. பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதாகும் ஒரு தமிழர் அங்கே சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்று இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் கேட்டார். அடுத்த ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கில் அதே நீதிமன்றத்தின் நீதிபதி பகவதி, பணமில்லாமலே ஆட்களை நீதிமன்றத்துக்கு வரவைக்க முடியும் என்பதற்கு நியூயார்க்கின் மன்ஹாட்டன் பிணைத் திட்டத்தைச் சான்று காட்டினார். 1961இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஆளிடம் நேரில் கேட்டது: எத்தனை காலமாக இந்த ஊரில் இருக்கிறீர்கள், வீட்டில் யார் யார், என்ன வேலை? ஒருவரை வெளியே விடக் காரணம் தேடிய கேள்விகள் அவை. பகவதி பட்டியலிட்ட அம்சங்களும் அந்த வகைதான். அவற்றுக்கு ‘ஊர்ப்பிடிப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்; ‘சமூகப் பிணைப்பு’ என்று போட்டால் பிணையோடு குழம்பும்.

வன்முறை எச்சரிக்கைக் குறிக்குத்தான் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. ஆங்கிலத்தில் உள்ள flag என்பதைக் ‘கொடி’ என்று நேரடியாகப் போடுவது பொருந்தாது. ‘அபாயக் குறி’யில் மறுபடி ஆளே அபாயமாகிவிடுகிறார். மதுரை வழக்கறிஞர் அம்மையார் நீதிமன்ற ஊழியர்களிடம் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். அதுவரை சொற்பட்டியலில் அந்த இடத்தை வெற்றாகவே விட்டிருக்கிறேன்.

அன்புடன்.