புதுப்பிப்பு: உணவுக்குழாய்க்கான பிரெஞ்சுச் சொல்லின் உச்சரிப்பும் அசைப் பிரிப்பும்

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வாய்மொழித் தேர்வு போன வியாழக்கிழமை முடிந்தது, சொல் தடுமாறாமல் வந்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: 'ஏஸோஃபாஜ்' என்ற சொல்லின் முதல் எழுத்து, ஓ-வும் ஈ-யும் (o, e) ஒட்டிய கூட்டெழுத்து (œ). இதயம் (cœur), சகோதரி (sœur) ஆகியவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்களில் வருவதுபோல உதட்டைக் குவித்துச் சொல்வதா என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, "கூட்டெழுத்துக்கு அடுத்து என்ன வருகிறது பார்" என்ற யோசனைதான். இதயத்திலும் சகோதரியிலும் அடுத்து யூ வருகிறது, அதனால் உதடு குவிகிறது. இங்கே வருவது மெய்யெழுத்து. கிரேக்கத்திலிருந்து வந்த இத்தகைய சொற்களில் அது வெறும் 'ஏ'. வீக்கத்தைக் குறிக்கும் 'ஏதேம்' என்பதும் அப்படியே. இந்த ஒரு விதியை யாராவது முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்கலாம்!

இரண்டு உயிருக்கு நடுவே நிற்பதால் 'ஸ்' அதிர்ந்து ஒலிக்கும். தொண்டையில் விரல் வைத்துப் பழகினேன். அதிர்வு விரலில் தெரிந்தால் சரி.

அசை: பேச்சில் மூன்று, ஏ-ஸோ-ஃபாஜ். எழுத்தில் பிரித்தால் நான்கு, ஏனென்றால் கடைசியில் ஒலிக்காத ஈ-யும் ஓர் அசையாகிறது. 'ஃப'வுக்கான பி, ஹெச் இரண்டையும் பிரிக்கக் கூடாது.

எதிர்பாராதது: தேர்வாளரே உதட்டைக் குவித்துத்தான் சொன்னார். பிரெஞ்சுக்காரர்களிடம் அந்த உச்சரிப்பும் பரவலாக உண்டு. நான் 'ஏ' என்றேன், அவர் திருத்தவில்லை.