முகம் கொடுத்துப் பேசாத மகனுடன் 5 நாள் கேனோ பயணம்: யார் எந்த இருக்கையில் அமர்வது?

கேள்வி: கரையோரம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 15 வயதில் ஒரு மகனும் 13 வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். நானும் என் கணவரும் அவர்களை அழைத்துக்கொண்டு, சாலையோ கைபேசிக் கோபுரமோ இல்லாத ஏரிகளின் வழியாக 5 நாள் கேனோ (துடுப்பால் வலித்துச் செல்லும் ஒடுங்கிய படகு) பயணம் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். இரண்டு படகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும், இரவில் கரையில் கூடாரம் என்பது ஏற்பாடு. எங்கள் இருவருக்கும் அமைதியான நீரில் துடுப்புப் போட்ட அனுபவம் ஓரளவு உண்டு, பிள்ளைகளுக்கு இல்லை.

மகன் கடந்த ஓராண்டாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெரிய சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. ‘ம்’, ‘சரி’, ‘தெரியாது’ என்ற மூன்று சொற்களுக்குள் எங்கள் உரையாடல் அடங்கிவிடுகிறது. இந்தப் பயணத்தில் அது மாறும் என்ற நம்பிக்கையில்தான் இதையே தொடங்கினேன். ஆனால் சென்ற மாதம் ஒத்திகையாக அரை நாள் சென்றபோது, அவனை முன்னால் அமர்த்தி நான் பின்னால் அமர்ந்தேன். படகு நேராகச் செல்லாமல் பாம்பைப் போல வளைந்துகொண்டே இருந்தது. ‘இடப்பக்கம் போடு’, ‘இன்னும் வேகமாகப் போடு’ என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அவன் துடுப்பைத் தூக்கி மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, அதிலிருந்து நீர் சொட்டுவதையே பார்த்தபடி அமர்ந்துவிட்டான். மீதி வழி முழுவதும் நான் ஒருத்திதான் வலித்தேன்.

யாரை எங்கே அமர்த்துவது, கைபேசியை என்ன செய்வது, பேச்சை எப்படித் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பின்துடுப்பு

வணக்கம் அம்மா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: அன்று படகு வளைந்து சென்றதற்குக் காரணம் உங்கள் மகன் அல்லன், நீங்கள்தான்.

இருவர் செல்லும் கேனோவில் முன்னால் இருப்பவர் வேகத்தையும் தாளத்தையும் தருகிறார். திசை பின்னால் இருப்பவரின் கையில் இருக்கிறது. படகு முன்னேறும்போது அது திரும்பும் மையம் நடுவிலிருந்து சற்று முன்னே நகர்ந்துவிடுவதால், பின்னிருக்கையில் போடும் துடுப்புக்குத் திருப்பும் வலிமை அதிகம். நீங்கள் வலப்பக்கம் வலித்தால் படகின் மூக்கு இடப்பக்கம் போகும். முன்னால் இருப்பவர் மறுபக்கம் எவ்வளவு முயன்றாலும் அதை முழுமையாக ஈடுகட்ட முடியாது. இதைச் சரிசெய்யவே ‘ஜே ஸ்ட்ரோக்’ இருக்கிறது. வலித்து முடிக்கும் தறுவாயில், மேல்கையின் கட்டைவிரல் கீழ்நோக்கித் திரும்பும்படி துடுப்பைச் சுழற்றி, அதன் தகட்டால் நீரைப் படகிலிருந்து வெளிப்புறமாக மெல்லத் தள்ள வேண்டும். ஒரு பிற்பகல் பழகினால் கை பிடித்துக்கொள்ளும். அது தெரியாத பின்னிருக்கைக்காரர் செய்வதெல்லாம், தாம் செய்த பிழைக்கு முன்னிருக்கைக்காரரைத் திட்டுவதுதான். துடுப்புக்காரர்கள் இந்த இருவர் படகுக்கு ‘விவாகரத்துப் படகு’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருப்பதற்கும் காரணம் இதுவே.

எனவே என் யோசனை, மகனைப் பின்னால் அமர்த்துங்கள் என்பதுதான். வீட்டில் எல்லாத் திசையையும் பெற்றோரே முடிவு செய்யும் வயதில், ஒரு படகின் திசை தன் கையில் இருப்பது அவனுக்குச் சிறிய விஷயம் அன்று. நீங்கள் முன்னால் அமர்ந்தால் உங்கள் முகம் அவனுக்குத் தெரியாது, அவன் முகம் உங்களுக்குத் தெரியாது; திரும்பிப் பார்த்தால் படகு ஆடும் என்பதால் திரும்பவும் மாட்டீர்கள். முகம் கொடுத்துப் பேசாத பிள்ளைகள் பலர், முகம் கொடுக்கத் தேவையில்லாத இடத்தில் தாமாகவே பேசுவார்கள். என் மூத்தவன் இரண்டாம் நாள் மாலையில், ஒரு நீண்ட ஏரியின் நடுவில், பள்ளியில் ஓராண்டாகத் தன்னை வாட்டிக்கொண்டிருந்த ஒன்றை என் முதுகிடம்தான் சொன்னான். நான் ‘ம்’ என்று மட்டும் சொல்லித் துடுப்பை நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருந்தால் அவனும் நிறுத்தியிருப்பான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒரு நுணுக்கம்: எடை கூடியவர் முன்னால் அமர்ந்தால் படகின் மூக்கு அமிழ்ந்து, திருப்புவது கடினமாகும். கனமான பைகளை நடுவுக்குப் பின்னே தள்ளி வைத்து, பின்பகுதி இம்மியளவு தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்காற்று வலுத்தால் மட்டும் பைகளைச் சற்று முன்னே நகர்த்தலாம்.

பதில் 2: நான்காம் கூடாரம்

நான் பெற்றோர் தரப்பிலிருந்து எழுதவில்லை. 14 வயதில் விருப்பமே இல்லாமல் இப்படியொரு பயணத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட மகள் நான்.

‘இந்தப் பயணத்தில் நாம் மனம் விட்டுப் பேசப் போகிறோம்’ என்று அப்பா புறப்படும் முன்பே அறிவித்துவிட்டார். அதனாலேயே முதல் நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பேச்சை எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள், தொடங்காதீர்கள். கூடாரத்தின் கயிற்றை இழுத்துக் கட்டவும் அடுப்பைக் காற்று மறைவில் வைக்கவும் ஒருவரையொருவர் கேட்க வேண்டியிருக்கும், அந்தப் பேச்சே போதும்.

எனக்கு நினைவில் நிற்பது, ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே படகைச் சுமந்து நடக்கும் பாதைதான், ‘போர்ட்டேஜ்’ என்பார்கள். வட அமெரிக்காவின் பவுண்டரி வாட்டர்ஸ் பகுதியில் இத்தகைய பாதைகளின் நீளத்தை ‘ராட்’ என்னும் பழைய அளவில் இன்றும் குறிக்கிறார்கள். ஒரு ராட் என்பது பதினாறரை அடி, ஏறத்தாழ ஒரு கேனோவின் நீளம். அப்பா படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். தலை படகுக்குள் இருந்ததால் அவருடைய இரண்டு கால்கள் மட்டும் நடப்பது போலத் தெரிந்தது. குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தது. ஒரு சேற்றுப் பள்ளத்தில் கால் வழுக்கி நின்றவர், ‘எனக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை, நீ வந்து வழி சொல்’ என்றார். அந்தப் பாதை முடியும் வரை ‘கல்’, ‘வேர்’, ‘குனியுங்கள்’ என்று நான் கட்டளையிட, அவர் அப்படியே கேட்டு நடந்தார். அதுவரை எங்கள் வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

கைபேசியைப் பொறுத்தவரை, விதி ஒன்றாக இருக்க வேண்டும். பிள்ளைகளுடையதை வாங்கி வைத்துவிட்டுப் பெரியவர்கள் ‘நேரம் பார்க்கத்தான்’ என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தால் முதல் இரவே நம்பிக்கை போய்விடும். படம் எடுப்பதற்கு ஒன்றை விமானப் பயன்முறையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்து நீர் புகாத பையில் போட்டுவிடுங்கள். அவசரத்துக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று தனியாக இருக்கட்டும். அதை இயக்கப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தூக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. விடியற்காலையில் எழ முடியாதது முழுக்கச் சோம்பல் அன்று. 2013இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரியவர்கள் சிலரை ஒரு வாரம் மின்விளக்கே இல்லாத முகாமில் தங்கவைத்தபோது, அவர்களின் உடல் கடிகாரம் ஏறத்தாழ 2 மணி நேரம் முன்னதாக நகர்ந்திருந்தது. எனக்கும் மூன்றாம் நாள் தானாக விழிப்பு வந்தது. முதல் இரண்டு நாள் காலை எரிச்சலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள்.

பதில் 3: எதிர்காற்று

மேலே உள்ள இருவரும் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பின்துடுப்பு அவர்களின் யோசனையை நான் முழுவதுமாக ஏற்கவில்லை. பழகாத சிறுவனைப் பின்னால் அமர்த்துவது கரையோரத்துக்கும் அமைதியான நீருக்கும் சரி. அகன்ற ஏரியைக் குறுக்கே கடக்கும்போதும் அலை எழும்போதும் பின்னிருக்கை அனுபவமுள்ளவருக்கே போக வேண்டும். ‘இந்த இடத்தில் மாற்றிக்கொள்வோம்’ என்று கரையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நீரின் நடுவில் எழுந்து இடம் மாறுவதுதான் கவிழ்வதற்கு மிக எளிய வழி.

காற்று பெரும்பாலும் காலையில் அடங்கியும் பிற்பகலில் வலுத்தும் இருக்கும். ஆகவே கடப்பதைக் காலையில் வைத்துக்கொள்வது வழக்கம். தூக்கத்தைப் பற்றி மேலே சொன்னதோடு இது மோதும் என்பதும் உண்மைதான். முதல் இரண்டு நாள்களுக்குக் குறுக்கே கடக்க வேண்டாத, கரையை ஒட்டிய தூரங்களை மட்டும் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். அலை எழுந்தால் இருக்கையிலிருந்து இறங்கி மண்டியிட்டு அமருங்கள். எடை தாழ்வதால் படகு நிலைப்படும்.

லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. குளிர்ந்த நீரில் விழுவதற்கு ‘1-10-1’ என்றொரு கணக்கு உண்டு: மூச்சுத் திணறலை அடக்க 1 நிமிடம், கை கால்கள் நாம் சொல்வதைக் கேட்க ஏறத்தாழ 10 நிமிடம், உடல் வெப்பம் இழந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தைத் தாண்ட வைப்பதே ஜாக்கெட்தான். பயணத்துக்கு முன் கரையோர ஆழமற்ற நீரில் வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்ந்து பழகுங்கள். அதுவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள்கூட அதில் சிரித்துவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இடி கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள்.

கரையோரம் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. படகு வளைந்தது என்னால்தான் என்பதைப் படித்தபோது சற்று உறைக்கத்தான் செய்தது. நேற்று இரவு மகனிடம் அதை அப்படியே சொன்னேன். ‘எனக்கு அன்றே தெரியும்’ என்றான். அது மூன்று சொற்களைத் தாண்டிய வாக்கியம் இல்லைதான், ஆனால் வழக்கமான அந்த மூன்று சொற்களும் அல்ல.

பிறகு வரைபடத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன். 5 நாளுக்கும் பாதை குறித்திருக்கிறான். மூன்றாம் நாளுக்கு 22 கிலோமீட்டர் துடுப்பும், 1 கிலோமீட்டர் சுமைநடையும் வைத்திருக்கிறான். எனக்கு அதிகமாகப்படுகிறது. திருத்தச் சொல்லலாமா, அவனாகவே அங்கே கண்டுகொள்ளட்டுமா?

எதிர்காற்று

இரண்டும் வேண்டாம் அம்மா. இரண்டு கணக்குகளை மட்டும் அவனிடம் கொடுங்கள். பைகளோடு செல்லும் கேனோ அமைதியான நீரில் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் செல்லும். எதிர்காற்றில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். சுமையை ஒரே நடையில் கொண்டுபோக முடியாமல் இரண்டாகப் பிரித்தால், 1 கிலோமீட்டர் பாதைக்குப் போக, திரும்ப, மீண்டும் போக என 3 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இவற்றைச் சொல்லிவிட்டு, ‘அன்று எத்தனை மணிக்குக் கூடாரம் அடிப்போம்?’ என்று கேளுங்கள். விடையை அவனே போட்டுப் பார்க்கட்டும். காற்றுக்காகக் கரையிலேயே கழிக்க வேண்டிய ஒரு நாளை எங்கே சேர்ப்பது என்பதையும் அவனிடமே விட்டுவிடலாம்.