வார்டு போஸ்டிங்கில் மாணவிகளுக்கு உருப்படியாகக் கற்றுத்தருவது எப்படி?

கேள்வி (டியூட்டர், தனியார் நர்சிங் கல்லூரி)
வணக்கம். டியூட்டராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்றாம் வருடப் பிள்ளைகளைப் போஸ்டிங் (வார்டில் செய்முறைப் பயிற்சி) கூட்டிப்போனால் பெட் மேக்கிங், பிபி, டெம்பரேச்சர் என்று காலைப் பொழுது ஓடிவிடுகிறது, பதினோரு மணிக்கெல்லாம் மூலையில் நின்று கேர் பிளான் (நோயாளிக்கு என்னென்ன கவனிப்பு என்ற திட்டம்) எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். போன வாரம் ஒரு பிள்ளையிடம், 500 மி.லி. சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், இந்த டிரிப் செட்டில் (சலைன் ஏற்றும் குழாய்) மி.லி.க்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை விடுவாய் என்று கேட்டேன். பரீட்சையில் இதே கணக்கைச் சரியாகப் போட்டவள், பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். செய்து பழகியதைக் குறிக்கும் லாக் புக்கில் மட்டும் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. 10 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது நர்சிங் கவுன்சில் கணக்கு, வார்டில் என்னிடம் 22 பேர். என்ன செய்யலாம்?

பதில் (ஸ்டாஃப் நர்ஸ், அரசு மருத்துவமனை)
மேடம், சொல்லிக்கொடுக்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் வந்திருப்பது எந்த வருடப் பிள்ளைகள், எதுவரை செய்யத் தெரியும் என்று யாருமே எங்களிடம் சொல்வதில்லை. நைட் சிஸ்டர் ஓவர் கொடுக்கும்போதே (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போதே) அவர்களைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஆளுக்கு இரண்டு மூன்று நோயாளி கொடுத்து, மருந்து, சொட்டு, யூரின் அளவு எல்லாம் அவள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள், நாங்கள் கூட நிற்கிறோம்.

பதில் (வேலூரில் படித்தவள்)
சிஎம்சியில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) 1946-லிருந்தே நர்சிங் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: பாடம் எடுக்கும் மேடமே வார்டிலும் பொறுப்பில் இருப்பார். காலையில் புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்தவரே மதியம் அதைப் பாடமாக நடத்துவார். நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்தில் கடைசி செமஸ்டரை இன்டர்ன்ஷிப்புக்கு ஒதுக்கியது நல்ல விஷயம், ஆனால் ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே இருந்தால் அந்த மாதங்களும் வேடிக்கை பார்த்தே போய்விடும்.

பதில் (இரண்டாம் வருட மாணவி)
நான் தமிழ் மீடியம் அக்கா. பிட்டிங் எடிமா என்கிற வீக்கத்தின் பெயரை அர்த்தம் புரியாமலே மனப்பாடம் செய்திருந்தேன். வார்டில் ஒரு சிஸ்டர் என் கட்டைவிரலைப் பிடித்து ஒரு பாட்டியின் கணுக்காலில் மெதுவாக அழுத்தினார், விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. "வலிக்குதா பாட்டி?"ன்னு முதலில் கேட்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றி. சரி, திங்கட்கிழமை முதல் ஓவருக்கு முன்பே அவர்களோடு போய்விடுகிறேன், இன்சார்ஜ் சிஸ்டரிடமும் பேசிவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு சலைன் ஏறும் இரண்டு நோயாளிகளைத்தான் கொடுக்கப்போகிறேன், நிமிடத்துக்கு 21 சொட்டு வருகிறதா என்று கையில் வாட்சோடு அவளே எண்ணட்டும்.