வீட்டை விற்றுத்தரும் முகவர் 2 விழுக்காடு தரகு கேட்கிறார்; குறைத்துக் கேட்கலாமா?

ஜூரோங்வாசி:
சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டில் உள்ள எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்னும் அரசு அமைப்பு கட்டிய) வீட்டை ஏறத்தாழ 600,000 வெள்ளிக்கு விற்க எண்ணியுள்ளோம். பார்க்க வந்த முகவர், விற்பவர் 2 விழுக்காடு தருவதே வழக்கம் என்றும் அதற்குக் கீழே தம் நிறுவனம் இறங்காது என்றும் சொல்லி, அவர் மட்டுமே வீட்டை விற்றுத்தரும் மூன்று மாதத் தனியுரிமை ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேரம் பேசினால் அவர் அக்கறை காட்டமாட்டாரோ என்று என் கணவர் தயங்குகிறார்.

ஈசூன் அண்ணன்:
சகோதரி, 2 விழுக்காடு என்பது பழகிப்போன வழக்கமே தவிர விதி அன்று. முகவர்களைக் கண்காணிக்கும் சொத்து முகவர் மன்றம் தரகுக்கு எந்த விகிதத்தையும் நிர்ணயிக்கவில்லை. நீங்களும் நிறுவனமும் ஒப்புக்கொள்வதுதான் விலை. நிறுவனம் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்திருந்தால், 12,000 வெள்ளியின்மேல் 9 விழுக்காடு ஏறி, நீங்கள் கட்டுவது 13,080 ஆகிவிடும். நான் விற்றபோது இதைக் கேட்காமல் கையெழுத்திட்டு, கடைசி ரசீதைப் பார்த்துத்தான் விழித்தேன். "வரி உட்பட" என்று எழுதி வாங்குங்கள். பணத்தையும் நிறுவனத்தின் பெயரில் மட்டும் செலுத்துங்கள். முகவர் கையில் தரவேண்டாம்.

தெம்பனிஸ் மல்லிகா:
விழுக்காட்டைவிட, அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் என் கவனம் போகும். அவசரப்பட்டு விலையில் 10,000 வெள்ளியை விட்டுக்கொடுத்தால் நமக்கு 10,000 போகிறது, 2 விழுக்காடு வாங்கும் முகவருக்கோ 200தான் குறைகிறது; அவர் "இந்த விலைக்கே கொடுத்துவிடுங்கள்" என்பதில் வியப்பில்லை. ஆகவே 600,000 வரை 1.5 விழுக்காடு, அதற்கு மேல் கிடைப்பதில் மட்டும் 5 விழுக்காடு என்று கேட்டுப் பாருங்கள். 620,000க்கு விற்றால் வரிக்கு முன் 10,000 வெள்ளி. அவருக்கும் விலையை ஏற்றுவதில் ஆர்வம் இருக்கும்.

பேசப் போகுமுன் உங்கள் புளோக்கின் இன விகிதத்தை, அதாவது அங்கே ஒவ்வோர் இனத்தவரும் எவ்வளவு வீடுகள் வைத்திருக்கலாம் என்ற வரம்பு நிரம்பிவிட்டதா என்பதை, வீவக இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். மாதத்தின் முதல் நாளில் அது புதுப்பிக்கப்படுகிறது. சீனர் விகிதம் நிரம்பியிருந்தால் இந்தியரான உங்களால் சீனக் குடும்பத்துக்கு விற்க இயலாது. அப்படியானால் வாங்குவோர் வட்டம் சுருங்கி வேலை நீளும். 1 விழுக்காடு கேட்டால் அவர் எழுந்து போய்விடக்கூடும். நிரம்பாவிட்டால் துணிந்து கேட்கலாம்.

பொங்கோல் தம்பி:
தனியுரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், அந்த மூன்று மாதங்களில் நீங்களே ஆளைப் பிடித்து விற்றாலும் அவருக்குத் தரகு கொடுக்க நேரிடலாம். ஏற்கெனவே விசாரித்த உறவினர் எவரேனும் இருந்தால் அவர் பெயரை விலக்காக எழுதிச் சேருங்கள். வாங்குபவரிடமும் தாமே தரகு பெற்றுக்கொள்வதாக அவர் சொன்னால், அதே விற்பனையில் இரு தரப்பையும் ஒருவரே பிரதிநிதிக்கச் சட்டம் இடம் தராது என்று நினைவூட்டுங்கள்.

ஜூரோங்வாசி:
நன்றி. எங்கள் புளோக்கில் விகிதம் நிரம்பவில்லை. மல்லிகா அக்கா சொன்ன கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது, "நிறுவனத்திடம் கேட்கிறேன்" என்று போனவர், மறுநாள் 1.5க்குச் சம்மதித்தார்; மேல்தொகைக்கு 5 அன்றி 6 கேட்கிறார். வரி உட்பட என்ற வரியை எழுதித் தந்தால் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர்.